லாரி ஏசி: கம்ப்ரசர் போகவில்லை, கிளட்ச்தான் போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமானது பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். 2025 அக்டோபர் 1-ம் தேதி முதல் தயாராகும் லாரிகளில், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் போகிறவை எல்லாவற்றிலும் டிரைவர் கேபினுக்கு ஏசி இருந்தாக வேண்டும். நல்ல சட்டம். 31 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான். இதைச் சொகுசு என்று பேசுகிறவர்கள் மே மாதம் திறந்தவெளி நெல் கிடங்கு வாசலில் லோடு இறக்க வரிசையில் நிற்கிற லாரிக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு, சட்டைக்குள் நெல் சுணை.

ஆனால் அந்த ஏசி நின்றுபோனால் நீடாமங்கலத்திலும் மன்னார்குடியிலும் யார் பார்ப்பார்கள், எவ்வளவு கேட்பார்கள் என்று செய்தியில் ஒரு வரி இல்லை. எனக்கு அது நடந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், கிளட்ச் பற்றிய இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

என்னிடம் இருப்பது ஒரே வண்டி. 2021 மாடல், பத்துச் சக்கரம், ஏசி உள்ளது, இரண்டாம் கையாக வாங்கியது. குறுவை, சம்பா அறுவடையில் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்களை ஏற்றி நீடாமங்கலம் ரயிலடிக்கும் கிடங்குகளுக்கும் அடிப்பேன். கோடையில் வேதாரண்யம் உப்பு.

இந்தக் கத்திரி வெயிலில்தான் ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது ஏசி ஜம்மென்று இருக்கும். திருத்துறைப்பூண்டி தாண்டி வெயில் ஏறியதும் காற்று மட்டும் வரும், குளிர்ச்சி வராது. சாயங்காலம் வண்டி ஆறினதும் மறுபடி வேலை செய்யும். இது நாலைந்து நாள் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம், ஒரு ஏசி பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். தம்பி பானட்டைத் திறந்தார், பைப்பைத் தொட்டுப் பார்த்தார், "கம்ப்ரசர் போயிடுச்சுண்ணே, செட்டோட மாத்திடுவோம்" என்றார். ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற பம்புதான் கம்ப்ரசர். அது, கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். மீட்டர் எதையும் கையில் எடுக்கவில்லை. போன கம்ப்ரசர் காலையில் மட்டும் எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். "அது அப்படித்தாண்ணே, போற நேரத்துல அப்படித்தான் காட்டும்" என்றார். சாகப்போகிறவர்கள் கடைசியில் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து பேசுவார்களே, அந்த மாதிரியாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிளட்ச் என்றதும் என் மகனே கியர் போடும் கால் கிளட்ச் என்றுதான் நினைத்தான். நான் சொல்வது ஏசி கம்ப்ரசரின் முகத்தில் உட்கார்ந்திருக்கிற சின்ன கிளட்ச். இன்ஜின் ஓடும்வரை பெல்ட் அதன் புல்லியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் கம்ப்ரசர் சும்மா நிற்கும். ஏசி சுவிட்சைப் போட்டதும் புல்லிக்குப் பின்னால் இருக்கிற 'காயில்' என்கிற கம்பிச் சுருள் காந்தமாகி, முன்னால் இருக்கிற இரும்புத் தட்டை 'டக்' என்று இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றும். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒட்டி ஒட்டிப் பிரிவதில் இரண்டு முகமும் தேய்ந்து அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். காயில் சூடேறினால் அதன் ஓம், அதாவது கரண்டைத் தடுக்கிற அளவு, கூடும், கரண்ட் குறையும், இழுக்கிற பலமும் குறையும். காலையில் எப்படியோ இழுத்துக்கொள்கிற தட்டு மத்தியானம் இழுபடாமல் நின்றுவிடும். என் வண்டியின் நோய் அதுதான்.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு புளியமரத்தடியில். ஏசி நின்றதும் வண்டியை ஓரம் கட்டி, காயிலுக்குப் போகும் வயரில் மல்டிமீட்டரை மாட்டி, ஓடுகிற பெல்ட்டிலிருந்து தள்ளி நின்று பார்த்தேன். 27 வோல்ட் காட்டியது. கரண்ட் வருகிறது, தட்டு அசையவில்லை. கரண்டே வராமல் இருந்திருந்தால் கதை வேறு: ஃபியூஸ், ரிலே, இல்லை கேஸ் குறைந்து பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கும். கேஸ் இல்லாதபோது கம்ப்ரசரைச் சுற்றவிடக் கூடாது என்றுதான் அந்த சுவிட்சையே வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு நிமிட சோதனையைச் செய்யாமல்தான் எனக்கு 26,000 ரூபாய் கணக்கு போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், அந்தக் காலத்து லாரிக்கு டேப்பட் வைக்க வாங்கிய ஃபீலர் கேஜை, இடுக்கில் விட்டு இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளை, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் 1.1 மில்லிமீட்டர் உள்ளே போனது. நடு நட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால் அடியில் மெல்லிய வளையங்கள் இருக்கும், ஷிம் என்பார்கள். அதில் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன், 0.6-க்கு வந்தது. அரை மணி நேர வேலை, செலவு இல்லை. மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு வேதாரண்யம் உப்பளத்து ஓரத்தில் கேபினுக்குள் குளிர்ந்தது.

அது பதினைந்து நாள்தான் தாங்கியது. தட்டு வழுக்கி வழுக்கிச் சூடானதில் புல்லி பேரிங் கெட்டிருக்கிறது. கர் கர் என்று சத்தம். ஏசியை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் வந்தால் அது புல்லி பேரிங், ஏசி போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரசருக்குள்ளே கோளாறு. எனக்கு அணைத்த பிறகும் வந்தது. பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். சரி, கிளட்ச் முழுவதையும் மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

இதற்குக் கேஸைத் திறக்கவே வேண்டியதில்லை. கிளட்ச் இருப்பது கம்ப்ரசருக்கு வெளியே. ஒரு பைப்பைக்கூடத் தொடாமல் கழற்றி மாட்டலாம். கேஸ் பக்கம் நான் போகமாட்டேன், யாரும் வீட்டில் போக வேண்டாம். அழுத்தத்தில் இருப்பது, கண்ணில் பட்டால் கண் போய்விடும். காற்றில் விட்டாலும் கேடுதான், ஆர்134ஏ கேஸ் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். வாரண்டியில் இருக்கிற புது வண்டிக்காரர்களும் கை வைக்காதீர்கள்.

சாமான் வாங்கத்தான் அலைச்சல். மூன்று ஊரில் கேட்டேன். "கிளட்ச் தனியா வராதுண்ணே, கம்ப்ரசரோடதான்" என்றார்கள். தஞ்சாவூரில் ஒரு கடையில் தட்டு, புல்லி, காயில் சேர்ந்த செட் 4,200 ரூபாய்க்குக் கிடைத்தது. பஸ்ஸில் வீடு வந்து காயிலுக்கு மீட்டர் வைத்தால் மூன்றரை ஓம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது 12 வோல்ட் வண்டிக் காயில். என் லாரி 24 வோல்ட், பழைய காயில் 13 ஓம் காட்டியது. மூன்றரை ஓமை 24-இல் மாட்டினால் 12-இல் அது இழுப்பதைப்போல இரண்டு மடங்கு கரண்ட், நாலு மடங்கு சூடு. ஒரு ட்ரிப்புக்குள் கருகியிருக்கும். அப்போதும் பட்டறையில் கம்ப்ரசர்தான் போச்சு என்று சொல்லியிருப்பார்கள். மறுநாள் திரும்பப் போனேன். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, ஃபிட் ஆகும்" என்றார் கடைக்காரர். ஃபிட் ஆகும், அதுதான் ஆபத்தே. டப்பாவின் மேல் வோல்ட் போட்டிருக்கவில்லை. அரை நாள் பேசி மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் களத்தில் வேலை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரி லைனைக் கழற்றி, கேபினைச் சாய்த்து அதன் லாக் விழுந்ததை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். தோளில் துண்டோடு போனவனைப் பார்த்து என் மனைவி, "மொதல்ல துண்டைக் குடுத்துட்டு அப்புறம் போங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். இன்ஜின் நின்றுதானே இருக்கிறது என்றேன். "ஓட்டிப் பாக்கும்போது ஞாபகம் இருக்குமா?" என்றாள். இருந்திருக்காது.

பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினேன். நட்டைத் திருகினால் தட்டும் கூடவே சுற்றும். அதைப் பிடித்துக்கொள்ள வெல்டிங் பட்டறையில் ஒரு இரும்புப் பட்டையில் இரண்டு போல்ட் வைத்து 150 ரூபாய்க்குச் செய்து வாங்கியிருந்தேன். தட்டு வந்தது, ஷிம்களைக் கிண்ணத்தில் போட்டேன். புல்லியைப் பிடித்திருக்கும் லாக் வளையத்தை சர்க்லிப் பிளையரால் எடுத்து, புல்லரால் புல்லியை இழுத்தேன். காயில் லாக்தான் பிளையரிலிருந்து நழுவிப் பறந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் விழுந்தது. பேரன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சணலில் கட்டி இழுத்து இழுத்து முக்கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தான். கூடவே ஏழு ஆணியும் ஒரு லாடமும் கிடைத்தன.

காயிலின் முதுகில் ஒரு சின்ன முளை உண்டு. அது கம்ப்ரசர் உடம்பில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் லாக் போட்டால் காயில் சாய்ந்து புல்லியில் உரசும். புது புல்லியை ஏற்றும்போது பேரிங்கின் உள்வளையத்தில்தான் அழுத்த வேண்டும், வெளி ஓரத்தில் சுத்தியல் போட்டால் அன்றைக்கே பேரிங் செத்துவிடும். கடைசியில் தட்டை மாட்டி மூன்று இடத்தில் ஃபீலர் கேஜ் வைத்தேன். 0.7 காட்டியது. ஒரு ஷிம்மை மெல்லியதாக மாற்றியதும் 0.5. கையால் சுற்றினால் உரசல் இல்லை. பழைய பெல்ட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்ததால் அதையும் மாற்றினேன், 650 ரூபாய்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசி சுவிட்சை இருபது தரம் போட்டுப் போட்டு அணைத்தேன், புது முகங்கள் இரண்டும் பொருந்திக்கொள்ள. ஒவ்வொரு தரமும் 'டக்', 'டக்'. பேரன் எண்ணிக்கொண்டே இருந்தான்.

தட்டு இவ்வளவு சீக்கிரம் தேய என்ன காரணம் என்று பார்த்தால், முன்னால் இருக்கிற கண்டென்சர், ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற, ரேடியேட்டர் மாதிரியான பாகம். தவிடும் சுணையும் சேர்ந்து கம்பளி போர்த்தியது போல மூடியிருந்தது. அது அடைத்தால் உள்ளே பிரஷர் ஏறும், கம்ப்ரசர் முக்கும், கிளட்ச் வழுக்கும். நெல் அடிக்கிற வண்டிக்காரர்கள் சீசனில் வாரம் ஒரு தரம் சாதாரணத் தண்ணீர்க் குழாயால் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். உப்பு ஏற்றுகிறவர்கள் காயில் வயர் இணைப்பையும் பாருங்கள், என்னுடையதில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காயில், புல்லி பேரிங், தட்டு, ஷிம் ஆகியவற்றைத் தனித்தனியாக, விலையும் வோல்ட்டும் அச்சிட்ட டப்பாவில் கம்பெனிகள் நம் ஊர்க் கடைகள் வரை அனுப்ப வேண்டும். ஏசி கட்டாயம் என்று சட்டம் எழுதியவர்கள் அதன் உதிரிப் பாகத்துக்கும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். கம்ப்ரசர் மாற்றினால் பழையதைக் கையில் கொடுங்கள் என்று டிரைவர்கள் கேட்க வேண்டும். பட்டறைத் தம்பிகளையும் நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன், கழற்றிப் பார்த்துக் கிளட்சை மாற்றினால் கூலி 800, கம்ப்ரசரை மாற்றினால் அவர்களுக்கு நிற்பது வேறு கணக்கு. இனி வருகிற லாரி எல்லாம் ஏசியோடு வரும். டெல்டாவில் உள்ள அரசு ஐடிஐகளில் ஒரு நிஜ லாரியை நிறுத்திவைத்து, மீட்டரும் ஃபீலர் கேஜும் கையில் கொடுத்துப் பையன்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் என் வண்டியையே கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

தட்டைப் பிடிக்கிற அந்த இரும்புப் பட்டை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. இதுவரை மூன்று பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். மூன்றாவதாக வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை, இதைப் படித்தால் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர், ஓட்டுநரும் நானே,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.