ஏற்காட்டு விடுதிகளின் கேஸ் கீசர்கள்: ஆண்டுப் பராமரிப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்காலம் தொடங்கிவிட்டால் ஏற்காட்டு வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் விடிவதற்கு முன்பே கேஸ் கீசர்கள் எரியத் தொடங்கிவிடுகின்றன. சுவரில் மாட்டியதோடு அவற்றை மறந்துவிட்டு, வெந்நீர் வராதபோது மட்டுமே மெக்கானிக்கைத் தேடுகிறோம். ஆனால் நின்றுபோன கீசரைவிட, சுத்தம் செய்யப்படாமல் எரிந்துகொண்டிருக்கும் கீசர்தான் ஆபத்தானது.

பர்னர் துளைகளில் தூசியும் காற்று நுழையும் வழியில் சிலந்திக் கூடும் சேர்ந்துவிட்டால், நீலமாக எரிய வேண்டிய சுடர் காற்றுப் போதாமல் மஞ்சளாகிறது. மேலேயுள்ள செம்புத் தகடுகளின் இடுக்குகளில் கரி படிந்து புகை வெளியேறும் வழி அடைபட, கார்பன் மோனாக்சைடு பெருகுகிறது. சிலிண்டர் வாயுவுக்காவது கசிவை உணர்த்த வாடை சேர்க்கிறார்கள். இந்த நச்சு வாயுவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோர ஊர்களைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், இங்கே பர்னருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவுதான். போதாக்குறைக்கு, குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரையும் அடைத்துவிடுகிறார்கள். விடுதி ஒன்றின் குளியலறையில் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்ததைக் கண்டேன்; அது தங்கள் நாளிதழாகவும் இருந்திருக்கலாம். அங்கே குளிப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த மயக்கம் என்றே நினைத்துக்கொள்வார்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும், பயிற்சி பெற்ற மெக்கானிக்கை அழைத்துப் பர்னரையும் செம்புத் தகடுகளையும் கரி போகச் சுத்தம் செய்து, புகைக்குழாய் அடைப்பின்றித் திறந்தவெளிவரை செல்வதை உறுதிசெய்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள வலை வடிகட்டியைக் குழாயை மூடிவிட்டு வீட்டுக்காரரே கழுவலாம். சேலத்தில் போர்த் தண்ணீரைப் பயன்படுத்துவோர் உட்குழாயில் படியும் உப்பையும் கவனிப்பது நல்லது.

வீட்டில் இருப்பவருக்குத் தம் கீசரின் சுடர் எந்த நிறத்தில் எரிகிறது என்றாவது தெரியும். ஓரிரவு தங்கிப் போகும் சுற்றுலாப் பயணிக்கு அதைக் கவனிக்க வாய்ப்பில்லை. எனவே உள்ளாட்சி அமைப்பும் சுற்றுலாத் துறையும் விடுதிகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த ஆண்டின் கீசர் பராமரிப்புச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். குளியலறைக்குள் மாட்டியிருக்கும் கீசர்களை வெளிப்புறச் சுவருக்கு மாற்றவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு.