1998-ல ஆரம்பிச்சா கணக்கு தப்பாத்தான் வரும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், தரையில எடுக்குற வெப்பநிலைக் கணக்கையெல்லாம் விஞ்ஞானிங்க திருத்திடுறாங்க, சாட்டிலைட் மட்டும்தான் பொய் சொல்லாது, அதுல 1998-லேர்ந்து பாத்தா உலகம் சூடாகவே இல்லன்னு. அதே கிராஃப் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துது, படிச்ச புள்ளைங்களே நம்புதுங்க, அதான் மனசு கேக்காம எழுதுறேன்.

சாட்டிலைட்ல தெர்மாமீட்டர் கிடையாதுங்க. காத்துல இருக்குற ஆக்சிஜன் விடுற மைக்ரோவேவ் கதிர அளந்து, அதுலேர்ந்து கணக்குப் போட்டுத்தான் வெப்பநிலைய எடுக்குறாங்க, அதுவும் நம்ம வளவுல வீசுற காத்து இல்ல, பல கிலோமீட்டர் உசரம் வரைக்கும் உள்ள காத்து மொத்தத்துக்கும் ஒரு சராசரி. 1978 கடைசிலேர்ந்து இன்னிவரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணா பல சாட்டிலைட்ட ஒட்டுப்போட்டு வந்த கணக்கு அது. அதுங்க கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கும், மத்தியானம் ரெண்டு மணி வாக்குல நம்மள கடந்தது வருஷம் போகப்போக சாயங்காலத்துக்கு நழுவிடும், வெயில் தாழ்ந்தப்புறம் அளந்தா குளுந்துபோன மாதிரிதானே தெரியும்? அமெரிக்காவுல அலபாமா பல்கலைக்கழகத்து ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் சாட்டிலைட்ட வச்சுப் போட்ட கணக்குல, கீழ இறங்குறத சேக்கலன்னு 1998-ல வென்ட்ஸ், ஷாபெல்ங்கிற விஞ்ஞானிங்க காட்டினாங்க, நேரம் நழுவுறதுக்குப் போட்ட திருத்தத்துலயே பிழை இருக்குன்னு 2005-ல மியர்ஸும் வென்ட்ஸும் காட்டினாங்க. ரெண்டுமே சூட்ட கொறச்சுக் காட்டுன பிழை.

திருத்துறதே திருட்டுன்னா அப்ப சாட்டிலைட்டையும் நம்பக் கூடாதே. எங்க ஐயா பர்மாவுல கடை வச்சிருந்தவர், பேரேட்டுல ஒரு வரி தப்பாயிருந்தா அடிச்சு எழுதி ஏன்னு பக்கத்துலயே குறிச்சு வைப்பாராம், அப்பத்தா சொல்லும். இவங்களும் அப்படி வெளிப்படையாத்தான் செய்றாங்க. இன்னொண்ணு, அந்தக் காலத்துல கப்பல்லேர்ந்து கான்வாஸ் வாளில கடல் தண்ணிய மொண்டு அளந்தாங்க, மண்பானைத் தண்ணி மாதிரி அது கசிஞ்சு குளுந்துடும். அதுக்காக பழைய கணக்க கொஞ்சம் ஏத்தித்தான் வச்சிருக்காங்க, அதனால தரையிலயும் கடல்லயும் எடுத்த கணக்குல போட்ட திருத்தமெல்லாம் சேந்து நூறு வருஷத்துக்கு மேலான மொத்த சூட்ட கொறச்சுத்தான் காட்டுது!

1998 ஏன்னு கேக்கணும். 1997-98-ல பெரிய எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தவிட சூடாகுறது, அந்த வருஷம் மட்டும் சட்டுன்னு ஏறி நின்னுச்சு. பெருமழைல கண்மாய் மறுகால் போன வருஷத்த முதல் வரியா எழுதிட்டு, அப்புறம் தண்ணியே ஏறலன்னு சொன்னா நம்ம ஊர்ல யாராச்சும் ஒத்துப்பாங்களா? அதே அலபாமா கணக்க 1979-லேர்ந்து முழுசாப் பாருங்க, பத்து வருஷத்துக்கு சுமார் 0.15 டிகிரி ஏறுது, அதுலயும் 2024-தான் அதிக சூடு.

உலக வானிலை அமைப்பு 2024-க்கு 1.55 டிகிரி கூடுதல்னு சொல்லும், அலபாமா கணக்குல அதுல பாதிதான் இருக்கும், உடனே யாரோ ஒருத்தர் பொய்னு கிளம்பிடுவார். அளக்குற காத்தே வேற, அதோட முன்னது 1850-1900 சராசரிலேர்ந்து எண்ணுறது, பின்னது 1991-2020-லேர்ந்து எண்ணுறது. முன்பாக்கி வேறன்னா நிகரமும் வேறயாத்தான் இருக்கும்.

அதனால ஐயா, இனிமே இந்த மாதிரி கிராஃப் போட்டா எந்த வருஷத்துல ஆரம்பிக்குது, எந்த உசரத்துக் காத்து, எந்த வருஷத்து சராசரியோட ஒப்பிட்டதுன்னு அடியில ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி