கேமராவைப் பைக்குள் வையுங்கள்

நிவாரணம் வழங்கும் படங்களை இணையத்தில் ஏற்றும் தொண்டுக் குழுக்களுக்கு,

வணக்கம். வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் முதலில் ஓடி வருகிறவர்கள் நீங்கள்தான். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எனக்கு உறுத்துவது அதன் பிறகு வரும் புகைப்படம். ஐந்து கிலோ அரிசிப் பையை ஆறு பேர் பிடித்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு பாட்டி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்கிறார்.

யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதில் ஒரு கதை உண்டு. பாபிலோனில் வாழ்ந்த மார் உக்வா என்ற அறிஞர், அக்கம்பக்கத்து ஏழை ஒருவரின் கதவுக் குழிக்குள் தினமும் நான்கு காசு போட்டுவிட்டுப் போவார். யார் இந்தப் புண்ணியவான் என்று பார்த்துவிட அந்த ஏழைக்கு ஒருநாள் ஆசை வந்தது. அன்றைக்கென்று மார் உக்வா பாடசாலையில் நேரமாக்கிவிட்டார்; மனைவியும் கூட வந்தார். கதவு அசைந்ததும் ஏழை வெளியே வர, இருவரும் ஓட்டம் பிடித்து, அப்போதுதான் நெருப்பை வாரி வெளியே எடுத்திருந்த ஒரு பெரிய அடுப்புக்குள் புகுந்துகொண்டார்கள். மார் உக்வாவின் கால் சுட்டது. மனைவிக்குச் சுடவில்லை. "என் கால்மேல் உங்கள் காலை வையுங்கள்" என்றார் அவர். கணவரின் முகம் வாடிவிட்டது. தனக்கு மட்டும் சுடாததற்கு மனைவி காரணம் சொன்னார்: நான் வீட்டில் இருப்பவள், என்னிடம் கேட்டு வருபவருக்கு உடனே சாப்பிட ஏதாவது கிடைத்துவிடுகிறது. (கதையில் எனக்குப் பிடித்த ஆள் இந்த அம்மாதான்.)

இத்தனை பாடு எதற்கு? ஒருவரைப் பலர் முன்னால் கூனிக்குறுக வைப்பதைவிட நெருப்பில் விழுவது மேல் என்று அதே இடத்தில் தல்மூத் சொல்கிறது. ரப்பி (யூத மத குரு) யன்னாய் என்பவர் இன்னும் கறாரானவர். எல்லாரும் பார்க்க ஏழைக்குக் காசு கொடுத்தவரிடம், இப்படிக் கொடுத்து அவமானப்படுத்தியதற்குக் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார்.

யூதர்களின் வேதமான தோராவின் சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. வயலின் சொந்தக்காரர் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது என்கிறது அதிலுள்ள லேவியராகமம். ஏழை தானே வந்து எடுத்துக்கொள்வார். விவிலியக் கதையில் ரூத் என்ற ஏழை விதவை போவாஸ் என்பவரின் வயலில் கதிர் பொறுக்கியது அப்படித்தான்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை 8 படிகளாக அடுக்கினார். உச்சியில் இருப்பது, கடனோ வேலையோ கூட்டுத் தொழிலோ கொடுத்து ஒருவரை இனிக் கையேந்த வேண்டாதபடி செய்வது. அதற்கு அடுத்தது, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் நடப்பது. 1892இல் நியூயார்க்கில் யூதர்கள் தொடங்கிய வட்டியில்லாக் கடன் சங்கம் முதல் படியைச் சேர்ந்தது, இன்றும் இயங்குகிறது. ஜெருசலேமில் 1976இல் தொடங்கிய யாத் சாரா என்ற தொண்டு அமைப்பு சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றை இரவல் தருகிறது. வசதியானவரும் அங்கேதான் வாங்குகிறார் என்பதால், வாசலில் நிற்கும் நாற்காலியைப் பார்த்து யாரையும் ஏழை என்று முத்திரை குத்த முடியாது.

பணம் தந்தவர்கள் ஆதாரம் கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பொது உண்டியலை இருவர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூவர் கூடிப் பங்கிட வேண்டும் என்று தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பும் விதிக்கிறது. வாங்குபவரின் முகம் அதில் எங்கும் தேவைப்படவில்லை. மொத்தக் கடை ரசீது, அடுக்கிய மூட்டைகளின் படம், தணிக்கையாளர் கையெழுத்திட்ட வரவு செலவு, இவை போதாதா? போதாது என்று அடம்பிடிக்கும் நன்கொடையாளரிடம், அவருடைய பாட்டியின் படத்தை அப்படிப் போடச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள்.

இனி எடுக்கும் படங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே ஏற்றியவற்றில் பள்ளிப் பிள்ளைகளின் முகம் தெரிபவற்றை இந்த வாரமே நீக்கிவிடுங்கள். அந்தப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் கையிலும் இப்போது போன் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களுக்கு நன்கொடை தருபவர்களில் ஒருவர்