சான்றிதழ் வேண்டாம், எபிசோடு கொடுங்கள்

தமிழ் சேனல்களின் தொடர் பிரிவுத் தலைவர்களுக்கும் சின்னத்திரைத் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இதை எழுதுகிறேன். பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் வடசென்னையில் ஒரு சீரியல் எழுத்துப் பயிற்சி தொடங்குங்கள். படிக்கிற காலத்துக்குச் சம்பளம் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் ஆளுக்குச் சில எபிசோடுகள் எழுதக் கொடுத்து, டைட்டிலில் பெயர் போடுங்கள்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. சில வருடங்கள் சீரியலுக்கு வசன உதவியாளராக வேலை செய்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் தெருவிலுள்ள டியூஷன் அறையில், எழுத ஆசைப்படுகிறவர்களோடு உட்காருகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைப்பவர், காசிமேட்டில் மீன் ஏலம் விடும் அம்மாவுக்குப் பிறந்த பெண், கல்லூரி மாணவிகள், திருநங்கைகள், ஒரு திருநம்பி என்று பலரும் வருகிறார்கள். இவர்களில் சிலர் வெளியே நடந்த பயிலரங்குகளுக்கும் போய்வந்தவர்கள். ஒருநாள், இரண்டு நாள் வகுப்பு. பெரிய இயக்குநர் வந்து பேசுகிறார். கையில் சான்றிதழோடும் மனசு நிறைய உற்சாகத்தோடும் திரும்பி வருகிறார்கள். அதன்பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. அந்தச் சான்றிதழை எந்தக் கம்பெனியிலும் யாரும் கேட்பதும் இல்லை. அதனால்தான் பயிற்சி என்ற சொல்லோடு எபிசோடையும் சேர்த்தே கேட்கிறேன்.

சீரியல் எழுத்து நடக்கிற விதம் உங்களுக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டிலில் வரும். கதைச் சுருக்கமான ஒன்லைனை சேனல் பார்த்து ஒப்புதல் தரும். பிறகு எந்தக் காட்சிக்குப் பின் எது என்ற சீன் ஆர்டர் வரும். வியாழக்கிழமை டிஆர்பி வந்தவுடன் டிராக், அதாவது கதை போகும் போக்கு, மாறிவிடும். முந்தின நாள் வரைக்கும் எழுதியது குப்பைக்குப் போகும். நாளைய ஷூட்டிங்குக்கு இன்று ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டும். ஆர்ட்டிஸ்ட் மேக்கப்பில் இருக்கும்போதே அடுத்த சீன் வாட்ஸ்அப்பில் ஸ்பாட்டுக்குப் போகும். தமிழ் தெரியாத நாயகிக்கு உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துக்கொடுத்து பிராம்ப்ட் செய்வார். விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குக் குறையாத எபிசோடு, வாரத்துக்கு ஆறு, சில தொடர்களுக்கு ஏழு. இத்தனை பக்கங்களைப் பல மாதங்களுக்கு, சில தொடர்களில் பல வருடங்களுக்கு, ஒரே ஆள் எழுதிவிட முடியாது. பெயர் வராத உதவியாளர்கள் பின்னால் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்தேன். நான் எழுதிய காட்சி வருகிற அன்று என் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்ப்பார். டைட்டிலில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. கேட்டதற்கு, "கார்டு எடுத்துட்டு வா, பார்க்கலாம்" என்றார்கள். சங்க உறுப்பினர் கார்டு எடுக்கப் பணம் வேண்டும். எழுதியதற்கு ஆதாரமும் வேண்டும். ஆதாரம் என்றால் டைட்டிலில் பெயர். அடுத்த கம்பெனியில் "இதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆண் உதவியாளர்களுக்கும் இதே கதிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ராத்திரி ஆபீஸிலேயே படுத்துக்கொள்வார்கள், டீக்கடையில் இயக்குநரோடு நிற்பார்கள், அடுத்த வாய்ப்பு அங்கேயே கிடைத்துவிடும். ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து போன் வருகிற பெண்ணுக்கு அந்த டீக்கடை கிடையாது. அறையெடுத்துத் தங்க நினைக்கிற திருநங்கைக்கு, சீரியல் வேலை நடக்கிற சாலிகிராமத்தில் வாடகைக்கு வீடே கிடைப்பதில்லை.

1993இல் சன் டிவி வந்ததிலிருந்து பார்த்தால் முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த ஊர்ப் பெண்கள்தான் உங்கள் தொடர்களைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். ராதிகா போன்றவர்கள் தயாரிப்பில் பெரிய வெற்றி கண்டார்கள். பெண்கள் வசனம் எழுதி, மக்கள் ரசித்துக் கேட்ட தொடர்களும் வந்திருக்கின்றன. அந்த அனுபவம் உங்களுக்கே இருக்கிறது. அப்படி உள்ளே வந்தவர்கள் தங்கள் சொந்த முயற்சியில் வந்தார்கள். அடுத்து வருகிறவருக்கென்று ஒரு வழி இன்னும் போடப்படவில்லை.

எங்கள் ஊர் உங்கள் தொடர்களில் எப்படி வருகிறது? வேலைக்காரம்மாவாக, ரவுடியாக, சிரிப்பு மூட்டுகிற பாஷையாக வருகிறது. வியாசர்பாடிக்காரர் பேச ஆரம்பித்தாலே பின்னணியில் காமெடி இசை கேட்கிறது. புது வண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்று வந்தார். ஒரு பெண் பிள்ளை தெருவோர கேரம் கிளப்பில் ஆம்பளைப் பசங்களுக்கு நடுவே போர்டு முன்னால் உட்கார, அந்த வீட்டில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும்? அது ஆறு மாதத்துக்கான டிராக். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள், பிறகு தினமும் வந்து ஆலையை எதிர்த்து உட்கார்ந்தார்கள். ராத்திரி சோறு யார் ஆக்கினார்கள், புருஷன் என்ன சொன்னான், அதே ஆலையில் வேலை பார்க்கிற மச்சான் வீட்டுக்குள் எப்படி நுழைந்தான் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வங்காளத்திலும் இந்தியிலும் ஓடின தொடரை உரிமை வாங்கி மாற்றி எடுப்பதற்கு முன்னால், ஒருமுறை வண்ணாரப்பேட்டைக்கு வந்து பாருங்கள்.

ஞாயிறு வகுப்பில் ஒரு பெண் எழுதிய காட்சியைச் சொல்கிறேன். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. விடியற்காலை தண்ணி லாரி வருகிறது. மாமியார் யாரையும் பார்க்காமல் சொல்கிறார்: "யார் குடம்னு தெரியல, ரொம்பி வழியுது." மருமகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் திரும்புகிறாள்: "அக்கா, வழியுதுன்னு சொல்றவங்க கையி என்னா பண்ணுதுன்னு கேளு." அக்கா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தன் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். சண்டை, நக்கல், தோல்வி எல்லாம் மூன்றே வரியில் வந்துவிட்டன. கண்ணைப் பெரிதாக்கி மூன்று முறை குளோசப் வைக்கத் தேவையே இல்லை. எழுதியவர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்.

அதே நேரம் இவர்களை வடசென்னைக் கதைக்குள்ளேயே அடைத்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். திருநங்கை எழுத்தாளரைக் கூப்பிட்டு, "திருநங்கை கேரக்டர் ஒண்ணு இருக்கு, அது சரியா இருக்கான்னு பாருங்க" என்று கேட்டு அனுப்பிவிடுவது பெரிய அவமானம். அவர் காதல் காட்சி எழுதட்டும், கோர்ட் காட்சி எழுதட்டும், அண்ணா நகர் பங்களாவில் மூன்று மருமகள்கள் சொத்துக்கு அடித்துக்கொள்வதையும் எழுதட்டும். அந்த பங்களாக்களில் வேலை செய்தவர்களுக்கு அந்த வீட்டு ஹாலும் அடுப்படியும் உங்களைவிட நன்றாகத் தெரியும்.

திருநர் விஷயத்தில் தமிழ்நாடு முன்னால் நின்ற மாநிலம். 2008இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்தோம். அதே ஆண்டு விஜய் டிவியில் ரோஸ் வெங்கடேசன் சொந்தமாக ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்தினார். 2014இல் கோவையில் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். ஆக, கேமராவுக்கு முன்னால் உட்கார வைக்க உங்கள் துறை தயங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை சீரியல் டைட்டிலில் "வசனம்" என்ற எழுத்துக்குக் கீழே ஒரு திருநங்கையின் பெயரையோ திருநம்பியின் பெயரையோ நான் பார்த்ததில்லை. எழுதுகிற மேசைக்கு அவர்கள் வராததால்தான், இன்றைக்கும் பல தொடர்களில் திருநங்கை என்றால் கை தட்டிக்கொண்டு வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போகிறார். அவருக்கு ஒரு வீடு, ஒரு தங்கை, ஒரு ரேஷன் கார்டு பிரச்சினை என்று எதுவும் இருப்பதில்லை.

நான் கேட்பது உலகத்தில் நடக்காத காரியமில்லை. பிபிசி 2005இல் எழுத்தாளர் அகாடமி ஒன்றைத் தொடங்கி, சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கற்பித்து, ஓடிக்கொண்டிருந்த தன் தொடர்களிலேயே எபிசோடு எழுத வைத்தது. தினத்தொடர் என்ற இயந்திரத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வேலை வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். பக்கத்தில் கேரளம், தன் திரைப்பட வளர்ச்சிக் கழகம் வழியாகப் பெண் இயக்குநர்களுக்குப் படமெடுக்க ஆளுக்கு 1.5 கோடி ரூபாய் ஒதுக்குகிறது. இங்கேயே இயக்குநர் வெற்றிமாறன் வசதியில்லாத பட்டதாரிகளுக்காக இலவசமாகத் திரைப்படப் பயிலகம் நடத்துகிறார். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்கமும் திரைக்கதையும் பட்டப்படிப்பாக இருக்கின்றன. இவையெல்லாம் பெரும்பாலும் சினிமாவைப் பார்த்து நிற்கின்றன. நாள்தோறும் எழுத்து தேவைப்படுகிற சின்னத்திரைக்கு, எனக்குத் தெரிந்து, இப்படி ஒன்று கிடையாது.

இதை நிறுவனத்தின் தயவாக மட்டும் வைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் நாற்பது வருடத்துக்கும் மேலாக புது எழுத்தாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் நடத்திய தொலைக்காட்சிப் பட்டறையை 2022 அக்டோபரில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி மூடப்போவதாக அறிவித்தது. இயக்குநர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்த பிறகே, ஓரிரு நாளில், பட்டறை தொடரும் என்றார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே செலவுக் குறைப்பில் முதலில் கை வைப்பது இதில்தான். அதனால் பயிற்சி பெறுகிறவரின் சம்பளம், தொடரின் எபிசோடு பட்ஜெட்டிலேயே ஒரு வரியாக இருக்கட்டும். சேனல் தயாரிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில், எழுத்துக் குழுவில் இத்தனை பயிற்சி எழுத்தாளர்கள், அவர்கள் பெயர் டைட்டிலில் வரவேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

சம்பளத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நினைக்கலாம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒருநாள் லீவு போட்டால் அந்த நாள் கூலியோடு மாதக் கடைசி ஊக்கத்தொகையும் போகும். வீட்டு வாடகை அதில்தான் நிற்கிறது. இலவசப் பயிற்சி என்று நீங்கள் நல்ல மனசோடு அறிவித்தாலும், அந்தப் பயிற்சிக் காலத்தை வீட்டில் யாராவது தாங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். தைக்கிற பெண் வரமாட்டாள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநம்பிக்குத் தாங்குவதற்கு ஆளே இல்லை.

வகுப்பு எங்கள் பக்கத்தில் நடக்கட்டும். கொளத்தூரில் 2024 நவம்பரில் "முதல்வர் படைப்பகம்" திறந்தார்கள். படிக்கவும் உட்கார்ந்து வேலை செய்யவும் இடம் இருக்கிறது. மாநகராட்சி சமூக நலக்கூடங்கள் இருக்கின்றன. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, தண்டையார்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் மாறினால் வடபழனி போய்விடலாம். போவது சுலபம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் "இன்னும் ஒரு சீன் மாத்தணும்" என்று உட்கார வைத்தால் திரும்பி வர வழி கிடையாது. அந்த நேரத்தில் வண்டி ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து எழுதி அனுப்ப விடுங்கள். எப்படியும் வாட்ஸ்அப்பில்தானே போகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்த சீரியல் யூனிட்டிலும் பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் இருப்பதில்லை. குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் கால்ஷீட்டிலேயே அச்சாகட்டும். அந்தச் சட்டம் பாதிக்கப்பட்டவர் என்று பெண்ணை மட்டும்தான் சொல்கிறது. உங்கள் நிறுவன விதியில் திருநர்களையும் சேர்த்து எழுத உங்களை யாரும் தடுக்கவில்லை. மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாடு பற்றி 2024இல் வெளியான ஹேமா குழு அறிக்கையைப் படித்த எங்கள் வீட்டுப் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான்.

தேர்வுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் வைக்காதீர்கள், முழுதாக எழுதிக் கட்டிய பவுண்ட் ஸ்கிரிப்ட் கேட்காதீர்கள், வயது வரம்பை இருபத்தைந்தில் நிறுத்தாதீர்கள். இங்கே பல பெண்களுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் கையில் பேனா வருகிறது. ஒரு சூழலைக் கொடுத்து இரண்டு பக்கம் வசனம் கேளுங்கள். எழுத்தில் தடுமாறுகிறவர்கள் குரலாகப் பதிந்து அனுப்பட்டும். ஒப்பாரியும் கானாவும் கேட்டு வளர்ந்த காதுகள் இவை; பேச்சை எங்கே நிறுத்தவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. நீங்கள் சொல்லித்தரவேண்டியது சீன் பிரிப்பது, ஒன்லைன் கட்டுவது, ஒரு டிராக்கை ஆறு வாரத்துக்கு இழுத்துப் போவது, லொக்கேஷனும் ஆர்ட்டிஸ்ட் தேதியும் மாறினால் அதே கதையை வேறு வழியில் சொல்வது. இதெல்லாம் கைவேலை. உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

முதல் குழுவில் பத்துப் பேர் போதும், ஒரு தொடர் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் எப்போதும் இருப்போம். உங்கள் எழுத்துக் குழுவிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற தொடரில் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதோ, அந்தச் சீன் ஆர்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயே எழுதித் தருகிறோம், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டால் எழுதியவருக்குப் பணமும் பெயரும் கொடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
தண்டையார்பேட்டை வசன உதவியாளர்