ஞாயிறு படம்: பெள்ளிநாட்டி பிரமாணாலு

அன்பு உறுப்பினர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு 1958இல் வந்த தெலுங்குப் படம் 'பெள்ளிநாட்டி பிரமாணாலு' பார்க்கிறோம். 'மாயாபஜார்' முடித்த கையோடு கே.வி. ரெட்டி இயக்கியது. வசனம் பிங்களி, இசை கண்டசாலா.

காதலித்துக் கல்யாணம், வரிசையாகப் பிள்ளைகள். அப்புறம் நாயகன் நாகேஸ்வர ராவுக்கு வீடு அலுத்துப்போய், அலுவலக ஸ்டெனோ ராஜசுலோசனா மீது கண் போகிறது. மனைவி ஜமுனா. எஸ்.வி. ரங்காராவும் இருக்கிறார், அவர் வந்து நின்றாலே காட்சி களைகட்டிவிடும். கணவனின் சறுக்கலை அழுது தீர்க்காமல் சிரிப்பில் கொண்டுபோனதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அவர் திருந்தும் பகுதி கொஞ்சம் சுலபமாக முடிந்துவிடுகிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

'வென்னெலலோனே' பாட்டுக்கு எழுந்து போகாதீர்கள். நிலவொளியில் சூடு எப்படி வந்தது என்று கேட்டு கண்டசாலாவும் பி. லீலாவும் கொஞ்சிப் பாடுவது அது.

இதே கதை 'வாழ்க்கை ஒப்பந்தம்' என்று 1959இல் தமிழிலும் வந்தது. யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பவும். படம் ஓடும்போது குழுவில் காலை வணக்கம், ஃபார்வர்டு எதுவும் வேண்டாம், ப்ளீஸ்.