என் சர்வீஸை மீட்டுத் தந்தவர்களுக்கு

மில் தோழர்களுக்கும், எனக்காக அலைந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

பழைய மில் சர்வீஸ் கணக்கில் இல்லை, பத்து வருடம் தேறவில்லை என்று பி.எஃப். ஆபீஸில் என் பென்ஷனை மறுத்திருந்தார்கள். அதை எதிர்த்து நான் போட்ட மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பழைய மில்லில் உழைத்த காலமும் சேர்ந்து பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை கைக்கு வந்துவிட்டது, நிலுவைத் தொகையும் பேங்கில் ஏறிவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளற மனசில்லை.

முதல் நன்றி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கு. மறுப்புக் கடிதத்தை நகலெடுக்கத்தான் போயிருந்தேன். கூடவே பழைய 3ஏ தாள்களையும் கொடுத்தேன், மாதாமாதம் பி.எஃப்.புக்கும் பென்ஷனுக்கும் கட்டிய பணம் பதிந்திருக்கும் வருடக் கணக்குத் தாள்கள் அவை. டாட் மேட்ரிக்ஸ் அச்சு, பாதி மங்கிப்போனது. முதல் நகல் வெளுப்பாக வந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினில் கறுப்பைக் கூட்டி மறுபடி எடுத்தார். அதைக் கையில் வாங்கிப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பென்ஷன் கட்டத்தில் மாதாமாதம் 541, 541 என்று வரிசையாக இறங்கியிருந்தது.

"அம்மா, அப்ப சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய்ங்க. அதுல 8.33 சதவீதம்தான் இந்த 541. பென்ஷனுக்குப் பணம் கட்டியிருக்காங்க. சர்வீஸ் கணக்குதான் வந்து சேரலீங்க. அனெக்சர் கே கேளுங்க."

பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. எனக்குப் புரிகிறவரை சொன்னார். பி.எஃப். பணம் அவரவர் கணக்கில் இருப்பது, வேலை மாறினால் படிவம் 13 கொடுத்ததும் கூடவே வந்துவிடும். இ.பி.எஸ். 95 என்கிற தொழிலாளர் பென்ஷன் திட்டம் எல்லோருக்கும் பொதுவான நிதி. அதில் பணம் இடம் மாறாது, சர்வீஸ் விவரம்தான் மாற வேண்டும். எங்கள் பி.எஃப்.பைத் தானே நிர்வகித்த மில் டிரஸ்ட், என் பி.எஃப். பணத்துக்குக் காசோலை அனுப்பிவிட்டு, சர்வீஸ் விவரம் எழுதிய அனெக்சர் கே என்ற அந்த ஒரு தாளை அனுப்பாமல் விட்டிருக்கிறது. பத்து வருடம் தேறாவிட்டால் மாதப் பென்ஷனே கிடையாது என்பதால், அந்தத் தாள் இல்லாமல் என் இரவு ஷிஃப்டுகள் அத்தனையும் கணக்கில் இல்லாமல் போயின. நகலுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

மனு எழுதித் தந்த சங்கத் தோழர், வயதான காலத்திலும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்ட டைம் ஆபீஸ் அய்யா, கூட வேலை பார்த்த அக்காமார், கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்த அதிகாரி, லீவு போட்டுக் கூடவே வந்த மகள் எல்லோருக்கும் என் நன்றி.

குறைந்தபட்சப் பென்ஷன் 2014-லிருந்து ஆயிரம் ரூபாய்தான். அது உயர வேண்டும், அதற்கான போராட்டத்தில் நானும் நிற்பேன். ஆனால் அந்த ஆயிரம்கூடக் கிடைக்காமல், இது நம் தலையெழுத்து என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். மில் மூடிவிட்டது, யாரிடம் போய்க் கேட்பது என்கிறார்கள். அவர்கள் உழைத்ததற்கு 3ஏ தாள் இருக்கிறது, அதைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். ஆபீஸ்காரர்களின் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாம் நடக்கிறது. நம் மாவட்ட முகாமுக்கு இனி நான் தவறாமல் போவேன். இரண்டு மூன்று மில்லில் மாறி மாறி வேலை பார்த்தவர்கள், பழைய தாள் எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். பென்ஷன் கட்டத்தை உட்கார்ந்து ஒன்றாகப் பார்ப்போம்.