செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற மின் பொறியாளர் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

சுதந்திர தினம், ஆயுத பூஜை, பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

அப்புறம், நான் பிடிவாதமாக நடத்திய கருத்தரங்கம். தூய எரிசக்தியில் அரசுக்கு அறக்கட்டளைகள் எப்படிக் கைகொடுக்கலாம் என்பது பொருள். இது நமக்கெதற்கு என்று வராதவர்கள்தான் கேட்டார்கள். பணியில் நாம் பட்ட பாடுதான் இது. முன்அனுபவச் சான்று இல்லாத புதுக் கருவிக்கு டெண்டரில் இடமில்லை. யாரும் வாங்காமல் முன்அனுபவம் எங்கிருந்து வரும்? வாங்கி அது வேலை செய்யாவிட்டால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது? அந்த முதல் நஷ்டத்தை அறக்கட்டளைப் பணம் தாங்கும். வெற்றி தெரிந்த பிறகு அரசு தைரியமாகப் பெரிய பணத்தை இறக்கலாம்.

அமெரிக்காவில் எரிசக்தித் துறைக்குத் துணையாக இப்படி ஓர் அறக்கட்டளை வைக்க 2022-ல் சட்டமே போட்டார்கள். நம் பக்கத்தில், பெங்களூரின் செல்கோ அறக்கட்டளை ஒன்றிய சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து 12 மாநிலங்களில் 25,000 சுகாதார மையங்களுக்குச் சூரிய மின்சாரம் என்று இலக்கு வைத்தது. மரச்சாமான் விற்கும் ஐகியா நிறுவனத்தின் அறக்கட்டளை அதற்கு நிதி தந்தது. தடுப்பூசிக் குளிர்பெட்டி, பிரசவ அறை விளக்கு என்று ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்து, அதைக் குறைத்த பிறகே பேனல் அளவை முடிவு செய்ய வேண்டும். "பேட்டரியை யார் மாற்றுவது?" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். சரியான கேள்வி. பராமரிப்புக்கு அரசு பணம் ஒதுக்காவிட்டால் எல்லாம் வீண்.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மின்சுமைக் கணக்கை நாமே இலவசமாக எடுத்துத் தரலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தீர்மானம் எடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லை, தள்ளிப்போயிற்று. பிரியாணி உண்டு என்று நோட்டீசில் போட்டால் மட்டும் மண்டபம் நிறைகிறது.

வரவு செலவு ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா நிலுவை மட்டும் வருடா வருடம் வளர்கிறது. மூன்று வருடமாகக் கட்டாத சிலர்தான் சங்கம் என்ன கிழித்தது என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் ஏற்றாலும் ஒத்துழைப்பேன். தீர்மானம் நிறைவேறினால் மின்கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்க வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்; சாப்பாட்டுக்குப் போகும் வழியும் அதுதான்.

இப்படிக்கு,
செயலாளர்